"அண்ணா, இது நிஜமா?" – புற்றுநோய் பற்றி மருந்துக்கடையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலத்தில் ஏற்காடு போகும் சாலையில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். மலையிலிருந்து இறங்கி வருபவர்களும் டவுன்காரர்களும் மாத்திரை வாங்கிவிட்டு, சில்லறைக்குக் காத்திருக்கும் அந்த ஒரு நிமிடத்தில் போனை நீட்டுவார்கள். "அண்ணா, இது நிஜமா?" வாட்ஸ்அப்பில் வந்த ஏதோ ஒரு செய்தி. பெரும்பாலும் அது புற்றுநோய் பற்றியதாகவே இருக்கும். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் குறித்து வைத்தேன். புத்தகம் நிறைந்துவிட்டதால் இங்கே எழுதுகிறேன். நான் மருந்தாளுநர், மருத்துவர் அல்ல. உங்கள் உடம்புக்கு என்ன என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். பரவும் செய்தியில் எது சரி, எது பொய் என்பதை மட்டும் நான் சொல்கிறேன்.

"கேன்சர்னா ஒரே நோய்தானே அண்ணா?"

இல்லை. நம் உடம்பின் செல்கள் கட்டுப்பாடு இழந்து பெருகி, அக்கம்பக்கத்தில் ஊடுருவி, வேறு இடங்களுக்கும் பரவுகிற நூற்றுக்கும் மேற்பட்ட நோய்களுக்குச் சேர்த்து வைத்த பெயர் அது. ரத்தப் புற்றுநோய்க்கும் வாய்ப் புற்றுநோய்க்கும் காரணம் வேறு, வைத்தியம் வேறு, பிழைக்கும் வாய்ப்பும் வேறு. அதனால் "எல்லாக் கேன்சருக்கும் இதுதான் காரணம்", "எல்லாக் கேன்சரையும் இது குணப்படுத்தும்" என்று தொடங்கும் செய்தி எதுவானாலும் முதல் வரியிலேயே சந்தேகப்படலாம்.

"ஒட்டுமா? அவங்க தட்டுல சாப்பிட்டா நமக்கும் வருமா?"

வராது. தொட்டால், ஒரே தட்டில் சாப்பிட்டால், ஒரே பாயில் படுத்தால் வராது. மலையில் ஒரு வீட்டுக்கு மருந்து கொடுக்கப் போனபோது, கர்ப்பப்பைவாய்ப் புற்றுநோய் வந்த பாட்டிக்கு வாசல் திண்ணையில் தனி டம்ளர் கவிழ்த்து வைத்திருந்தார்கள். பேரன் அருகே போனால் மருமகள் அதட்டுகிறாள். நோயைவிட அந்த டம்ளர்தான் தன்னை அதிகம் வருத்தியது என்று பாட்டி சொன்னார். அந்த மருமகளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. யாரோ சொன்ன பொய்யை நம்பிப் பிள்ளையைக் காப்பாற்ற நினைத்தாள், அவ்வளவுதான்.

சில புற்றுநோய்களுக்குப் பின்னால் கிருமிகள் இருப்பது உண்மை. கர்ப்பப்பைவாய்க்கு எச்.பி.வி. வைரஸ், கல்லீரலுக்கு ஹெபடைட்டிஸ் பி, சி வைரஸ்கள், இரைப்பைக்கு ஹெலிகோபாக்டர் பாக்டீரியா. பரவுவது அந்தக் கிருமிதான், புற்றுநோய் அல்ல. கிருமி தொற்றியவர்களிலும் மிகச் சிலருக்குத்தான், அதுவும் பல ஆண்டுகள் கழித்து, புற்றுநோய் வரும். எச்.பி.வி.க்கும் ஹெபடைட்டிஸ் பி-க்கும் தடுப்பூசி இருக்கிறது. எச்.பி.வி. ஊசியைப் பின்னால் பார்ப்போம்.

"பால் கலப்படத்தால 2025-க்குள்ள இந்தியாவுல நூத்துக்கு 87 பேருக்கு கேன்சர்னு உலக சுகாதார நிறுவனமே சொல்லியிருக்காமே?"

அப்படி எந்த எச்சரிக்கையும் தாங்கள் கொடுக்கவில்லை என்று அந்த நிறுவனமே தெளிவுபடுத்திவிட்டது. மத்திய அரசும் மறுத்துவிட்டது. 2025 வந்தும் போய்விட்டது. அப்படியிருந்தும் அந்தச் செய்தி இன்னும் என் கடைக்கு வருகிறது.

கணக்குப் போட்டாலே இது நிற்காது. 140 கோடியில் 87 சதவீதம் என்றால் 120 கோடிப் பேருக்கு மேல். நிஜத்தில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தேசியப் பதிவேடு 2022-க்குப் போட்ட மதிப்பீடு, ஆண்டுக்குப் புதிதாக 14.6 லட்சம் பேர். அதாவது லட்சம் பேரில் ஏறக்குறைய 100 பேர். அதுவே பெரிய துயரம்தான். அதைப் பல நூறு மடங்கு ஊதிக் காட்டினால், "எப்படியும் வரத்தான் போகுது" என்று பீடியைப் பற்றவைக்கத்தான் அது உதவும். பாலில் கலப்படம் செய்வது குற்றம், பிடித்துத் தண்டிக்க வேண்டும். அதற்கு இந்தப் பொய் தேவையில்லை.

எண் எதைப் பார்த்தாலும் "எத்தனை பேரில்? எத்தனை ஆண்டில்?" என்று இரண்டு கேள்விகள் கேளுங்கள். கீழே பல இடங்களில் இது உதவும்.

"எங்க ஊர்ல மட்டும் பத்து வருஷத்துல இருபது பேருக்கு வந்துருச்சு. தண்ணியிலதான் ஏதோ இருக்கு."

இதைக் கேட்டவர் ஓமலூர்ப் பக்கம் ஒரு சின்ன ஊர்க்காரர். கையோடு ஒரு பட்டியல் வைத்திருந்தார், பழைய காலண்டர் தாளின் பின்னால் எழுதியது. பெயர், தெரு, வருஷம். ஊரில் எத்தனை பேர் என்று கேட்டேன். "ரெண்டாயிரம் இருப்போம்" என்றார்.

மேலே சொன்ன கணக்கை வைத்துப் பாருங்கள். லட்சத்தில் 100 என்றால் இரண்டாயிரத்தில் ஆண்டுக்கு 2. பத்து ஆண்டில் 20. அவர் பட்டியலில் இருந்த அதே இருபது. அதாவது அந்த ஊரில் நடந்தது, நாடு முழுக்கச் சராசரியாக நடப்பதுதான். இதைச் சொன்னபோது அவர் நிம்மதி அடையவில்லை. "அப்ப எல்லா ஊர்லயும் இப்படித்தானா?" என்றார். ஆமாம், இப்படித்தான். இதே கணக்கில் சேலம் மாவட்டத்துக்குப் போட்டால், 2011 கணக்கெடுப்பின் 34.8 லட்சம் பேருக்கு ஆண்டுக்குச் சுமார் 3,500 பேர் வரும்.

இன்னொன்று: சராசரி 2 என்றால் எல்லா ஆண்டும் சரியாக 2 வராது. ஒரு வருஷம் யாருக்கும் வராது, ஒரு வருஷம் ஐந்து பேருக்கு வரும். தற்செயலாக மட்டுமே பார்த்தாலும், இப்படிப்பட்ட இருபது ஊர்களில் ஒன்றிலாவது ஒரே ஆண்டில் ஐந்தோ அதற்கு மேலோ வர வாய்ப்பு உண்டு. அந்த ஊர்தான் டி.வி.யில் வரும். மற்ற பத்தொன்பது ஊர்களைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள்.

அதற்காகத் தண்ணீரையும் காற்றையும் யாரும் சந்தேகப்படவே கூடாது என்று சொல்லவில்லை. ஆர்சனிக் கலந்த குடிநீர், கல்குவாரியின் சிலிக்கா தூசி, ஆஸ்பெஸ்டாஸ் ஆகியவை புற்றுநோய் உண்டாக்கும் என்பது உறுதியான விஷயம். எப்போது சந்தேகப்படுவது? இருபது பேருக்கும் இருபது விதமாக இல்லாமல் ஒரே வகைப் புற்றுநோய் திரும்பத் திரும்ப வந்தால், வழக்கமாக வராத இளம் வயதில் வந்தால், ஒரே தொழில் செய்பவர்களிடம் குவிந்தால். அப்போது பெயர், வயது, எந்த உறுப்பு, எந்த ஆண்டு, எத்தனை வருஷமாக அந்த ஊரில் குடியிருந்தார் என்று எழுதி மாவட்ட சுகாதார அலுவலகத்தில் கொடுங்கள். தமிழகம் முழுவதையும் சேர்த்துப் புற்றுநோயைப் பதிவு செய்யும் திட்டம் 2012 முதல் இருக்கிறது. ஒப்பிட்டுப் பார்க்க அவர்களிடம் எண்கள் உண்டு. ஓமலூர்க்காரரின் பட்டியலில் "எந்த உறுப்பு" என்ற கட்டமே இல்லை. உட்கார்ந்து நிரப்பினோம். அவருக்கு நினைவிருந்த வரையில் வாய், தொண்டை ஏழு. அந்த ஏழு பேருமே வெற்றிலை பாக்கோ புகையிலையோ போட்டவர்கள்.

"அந்தக் காலத்துல யாருக்கும் இல்லையே. இப்ப ஏன் வீட்டுக்கு ஒருத்தர்?"

அந்தக் காலத்திலும் இருந்தது. சித்த மருத்துவத்தில் கன்னப்புற்று என்று ஒரு நோயே சொல்லப்பட்டிருக்கிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தது 1920களில். அந்தத் துயரம்தான் 1954-இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையாக நின்றது.

கூடியதற்குப் பெரிய காரணம் வயது. சுதந்திரம் வந்த காலத்தில் இந்தியரின் சராசரி ஆயுள் சுமார் 32. இப்போது 70-ஐ ஒட்டி. காலராவிலும் அம்மையிலும் பிரசவத்திலும் போனவர்கள் இப்போது புற்றுநோய் வரக்கூடிய வயதுவரை வாழ்கிறார்கள். அப்போது "வயித்துக்கட்டி", "சோகை" என்று முடிந்துபோனதற்கு இப்போது ஸ்கேன் பெயர் வைக்கிறது. உடல் பருமன், மது, தாமதமான பிள்ளைப்பேறு போன்றவற்றால் சில வகைகள் நிஜமாகவே கூடியும் இருக்கின்றன. மார்பகப் புற்றுநோய் அப்படி. ஆனால் எல்லாமே கூடவில்லை. சென்னைப் பதிவேடு 1980களிலிருந்து இருக்கிறது. அதில் கர்ப்பப்பைவாய்ப் புற்றுநோய் தொடர்ந்து இறங்கி வந்திருக்கிறது. இந்த நல்ல செய்தியை மட்டும் யாரும் எனக்கு ஃபார்வர்டு செய்ததில்லை.

"வீட்டுக்கு ஒருத்தர்" என்பதில் ஓரளவு உண்மையும் இருக்கிறது. அதே தேசியப் பதிவேட்டின் மதிப்பீட்டில், வாழ்நாள் முழுக்கச் சேர்த்துப் பார்த்தால் ஒன்பதில் ஒருவருக்கு வரலாம். பெரியப்பா, சித்தி, மாமா எல்லாரையும் சேர்த்தால் எந்தச் சொந்தபந்தத்திலும் மூன்று நான்கு பேர் இருப்பார்கள். ஆண்டுக்கு ஆயிரத்தில் ஒருவர் என்பதும், வாழ்நாளில் ஒன்பதில் ஒருவர் என்பதும் ஒன்றுக்கொன்று முரண் இல்லை. இரண்டாவது கேள்வி, "எத்தனை ஆண்டில்?", இதற்குத்தான்.

"வெளிநாட்டுல நம்மளவிடக் கம்மிதானே? அவங்க சுத்தமா இருக்காங்க."

நேர்மாறு. வயது வித்தியாசத்தைச் சரிசெய்து ஒப்பிட்டால், 2022 கணக்கில் இந்தியாவில் லட்சத்துக்குச் சுமார் 100, அமெரிக்காவில் 360-க்கு மேல், ஆஸ்திரேலியாவில் 460-க்கு மேல்.

நமக்கு வலிக்க வேண்டியது வேறு இடத்தில். அதே ஆண்டில் இந்தியாவில் புதிதாக 14.1 லட்சம் பேர், இறந்தவர்கள் 9.16 லட்சம் என்பது உலகளாவிய மதிப்பீடு (மேலே சொன்ன 14.6 லட்சம் நம் தேசியப் பதிவேட்டின் மதிப்பீடு, அதனால்தான் சின்ன வித்தியாசம்). நூறு பேர் புதிதாக நோய்வாய்ப்படும்போது 65 பேர் இறக்கிறார்கள். அமெரிக்காவில் அது 25 பேர். அங்கே சோதனையில் சின்னச் சின்னதாக நிறையப் பிடிபடுவதும் இந்த வித்தியாசத்தில் ஒரு பங்கு. ஆனால் பெரும்பங்கு, நாம் தாமதமாகப் போவதுதான்.

"சரி, முதல் காரணம் எது? ஒரே வார்த்தையில சொல்லுங்க."

புகையிலை. பீடி, சிகரெட், ஹான்ஸ், குட்கா, மூக்குப்பொடி எல்லாமே. 2020-ஆம் ஆண்டு தேசியப் பதிவேட்டு அறிக்கையின்படி, நாட்டில் வரும் புற்றுநோய்களில் 27 சதவீதம் புகையிலையோடு தொடர்புடைய உறுப்புகளில் வருபவை. குட்காவும் பான் மசாலாவும் தமிழகத்தில் 2013-இலேயே தடை செய்யப்பட்டவை. எங்கே கிடைக்கிறது என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும்.

மதுவும் ஒரு பெரிய காரணம். வாய், தொண்டை, குரல்வளை, உணவுக்குழாய், கல்லீரல், பெருங்குடல், பெண்களின் மார்பகம் என ஏழு இடங்களில். பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது என 2023-இல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. இது நிஜமாகவே அவர்கள் சொன்னது.

"நான் புகையிலை போடறதில்லண்ணா. வெறும் பாக்குதான்."

இதை எழுதும்போது கொஞ்சம் தயக்கமாக இருக்கிறது. வாழப்பாடி, பேளூர்ப் பக்கம் பாக்குத் தோப்புதான் பல குடும்பங்களுக்குச் சோறு. என் உறவிலும் உண்டு. தாம்பூலம் இல்லாமல் நம்மூரில் நிச்சயதார்த்தம் நடக்காது. தட்டில் வைத்துக் கொடுப்பதை நான் சொல்லவில்லை. தினம் பத்துத் தடவை கன்னத்தில் அடக்கிக்கொள்வதைச் சொல்கிறேன்.

பிரான்சின் லியோன் நகரில் இருக்கும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை உலக சுகாதார நிறுவனத்தின் அங்கம். புகையிலை சேராத பாக்கும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று அது 2004-இல் வெளியான அறிக்கையிலேயே உறுதி செய்துவிட்டது. அதற்கு முன்பே ஒரு அறிகுறி வரும். கன்னத்தின் உள்சதை வெளுத்து, நார் நாராக இறுகி, வாய் திறப்பது குறையும். ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றையும் சேர்த்து, ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும்படி செங்குத்தாகத் திருப்பி வாய்க்குள் வைத்துப் பாருங்கள். பெரியவர்களுக்கு மூன்றும் போக வேண்டும். கடையில் ஒரு லாரி டிரைவர் தம்பி, முப்பது வயதுகூட இருக்காது, சிரித்துக்கொண்டே செய்து பார்த்தார். இரண்டு விரலோடு நின்றுவிட்டது. காரசாரமாகச் சாப்பிட்டால் ஒரு வருஷமாகவே வாய் எரிகிறதாம். அல்சருக்கு மாத்திரை வாங்க வந்தவரைப் பல் மருத்துவரிடம் அனுப்பினேன்.

"எங்க தாத்தா தொண்ணூறு வயசுவரைக்கும் பீடி குடிச்சார். ஒண்ணும் ஆகலையே?"

ஏற்காட்டுச் சாலையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள். பிரேக் சரியில்லாத வண்டியில் பத்து வருஷம் இறங்கி ஏறியவர் ஒருவர் இருக்கலாம். அவரைப் பார்த்து நாம் பிரேக்கைக் கழற்றுவோமா? பிழைத்த தாத்தாதான் கதை சொல்ல இருப்பார். ஐம்பதில் போன தாத்தாக்கள் பேரன் நினைவிலேயே இருக்கமாட்டார்கள்.

பிரிட்டனில் மருத்துவர்களையே ஐம்பது ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த ஆய்வு ஒன்று உண்டு. ரிச்சர்ட் டோலும் பிராட்ஃபோர்டு ஹில்லும் தொடங்கியது, 2004-இல் ஐம்பதாண்டு முடிவு வந்தது. விடாமல் புகைத்தவர்கள் சராசரியாகப் பத்து ஆண்டு ஆயுள் இழந்தார்கள். அறுபதில் விட்டவருக்கு மூன்று ஆண்டு திரும்பக் கிடைத்தது, ஐம்பதில் ஆறு, நாற்பதில் ஒன்பது. "இனிமே விட்டு என்ன ஆகப்போகுது" என்று கேட்பவர்களுக்கு நான் இந்த மூன்று எண்களைத்தான் சீட்டில் எழுதிக் கொடுக்கிறேன்.

"எதுத்த மாடியிலயே செல்போன் டவர் நிக்குது. வீட்டை மாத்தணுமா?"

புற்றுநோய்க்காக மாற்ற வேண்டாம். டவரிலிருந்து வருவது ரேடியோ அலை. எக்ஸ்-ரே போல செல்லின் மரபணுவை உடைக்கும் சக்தி அதற்குக் கிடையாது. இந்தியாவில் 2012 செப்டம்பர் முதல் டவர்களுக்கு, உலக அளவில் பரிந்துரைத்த வரம்பில் பத்தில் ஒரு பங்குதான் அனுமதி. கைபேசிக்கும் மூளைப் புற்றுநோய்க்கும் தொடர்பு தெரியவில்லை என்று, உலக சுகாதார நிறுவனம் கேட்டுச் செய்யப்பட்ட விரிவான மறுஆய்வு 2024-இல் சொன்னது.

"லிஸ்ட்ல இருக்கே" என்பார்கள். இருக்கிறது. எது புற்றுநோய் உண்டாக்கும் என்று மேலே சொன்ன லியோன் முகமை போடும் பட்டியல் அது. 2011-இல் ரேடியோ அலையை அதில் 2பி பிரிவில் வைத்தது. அந்தப் பட்டியலைப் புரிந்துகொண்டால் பாதி ஃபார்வர்டுகள் தானாகவே உதிர்ந்துவிடும். முதல் பிரிவு: உறுதி. 2ஏ: அநேகமாக. 2பி: ஒருவேளை, சாட்சி பலவீனம். மூன்று: சொல்ல முடியவில்லை. இது சாட்சி எவ்வளவு பலம் என்ற பட்டியல், ஆபத்து எவ்வளவு பெரிது என்ற பட்டியல் அல்ல. கோர்ட்டில் சைக்கிள் திருடியவனுக்கும் "குற்றம் நிரூபணம்", கொலை செய்தவனுக்கும் "குற்றம் நிரூபணம்". இரண்டு குற்றமும் ஒன்றாகிவிடுமா? அதே 2பி-யில் சோற்றுக்கற்றாழையின் முழு இலைச் சாறும் இருக்கிறது. டவருக்கு எதிராகக் கையெழுத்து வாங்க வந்த அண்ணன் ஒருவர், தினமும் காலையில் கற்றாழைச் சாறு குடிப்பவர்.

"நம்ம ஏற்காட்டுக் காபியும் கேன்சராமே? வறுக்கும்போது விஷம் வருதாம்."

வறுக்கும்போது அக்ரிலமைடு என்ற வேதிப்பொருள் கொஞ்சம் உண்டாவது உண்மை. உருளைக்கிழங்கு வறுத்தாலும் ரொட்டி சுட்டாலும் உண்டாகும். காபியை லியோன் முகமை 1991-இல் 2பி-யில் வைத்திருந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆய்வுகளைப் பார்த்துவிட்டு 2016-இல் மூன்றாம் பிரிவுக்கு இறக்கியது. கல்லீரல், கருப்பை உட்சுவர்ப் புற்றுநோய்கள் காபி குடிப்பவர்களுக்குக் குறைவாக இருப்பதாகவும் குறித்தது. நாகலூரில் காபிச் செடியோடு வளர்ந்தவர்கள் கலங்க வேண்டாம்.

கவனிக்க வேண்டியது சூடு. 65 டிகிரிக்கு மேல் கொதிக்கக் கொதிக்கக் குடிக்கும் எந்தப் பானமும் உணவுக்குழாய்க்கு ஆகாது, அது 2ஏ. டபராவில் நாலு ஆற்று ஆற்றிக் குடித்தால் சரி.

"கல்லு வெச்சுப் பழுக்க வெச்ச மாம்பழம்?"

கார்பைடு கல் வைப்பது சட்டப்படி குற்றம். அதில் ஆர்சனிக், பாஸ்பரஸ் கலப்பு இருக்கலாம். மண்டியில் அதைக் கையாளும் ஆட்களுக்குத்தான் கண் எரிச்சல், மூச்சுத் தொந்தரவு எல்லாம் முதலில் வரும். அவர்களைப் பற்றி எந்த ஃபார்வர்டும் பேசுவதில்லை. ஆனால் அந்தப் பழம் தின்றவர்களுக்குப் புற்றுநோய் கூடியது என்று காட்டும் ஆய்வை நான் பார்த்ததில்லை. சீசனுக்கு முன்பே வரும், வெளியே ஒரே மஞ்சளாகவும் உள்ளே புளிப்பாகவும் இருக்கும் பழத்தை வாங்காதீர்கள். எத்திலீன் வாயு அறையில் பழுக்க வைப்பது அனுமதிக்கப்பட்ட முறை, அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். நல்ல மல்கோவாவைப் பயத்தில் விட்டுவிடாதீர்கள்.

"மைக்ரோவேவ், டியோடரன்ட், கறுப்பு பிரா, பிளாஸ்டிக் கவர் டீ?"

முதல் மூன்றும் இல்லை. நான்காவது புற்றுநோய் உண்டாக்கும் என்று நிரூபிக்கப்படவில்லை. ஆனாலும் கொதிக்கும் டீயை மெல்லிய கவரில் ஊற்றுவது நல்ல பழக்கமில்லை. ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைகளுக்கு 2019 முதல் தமிழகத்தில் தடையும் இருக்கிறது. தூக்குப்போசி எடுத்துப் போங்கள்.

"சர்க்கரையை நிறுத்திட்டா கேன்சர் பட்டினி கிடந்து செத்துருமாம்."

புற்றுநோய்ச் செல்கள் சர்க்கரையை அதிகம் இழுப்பது உண்மை. ஓட்டோ வார்பர்க் என்ற ஜெர்மன் விஞ்ஞானி 1920களிலேயே கண்டது. புற்றுநோய் எங்கே இருக்கிறது என்று காட்டும் பெட் ஸ்கேன் வேலை செய்வதும் அதை வைத்துத்தான். ஆனால் மூளையும் இதயமும்கூட அதே ரத்தச் சர்க்கரையைத்தான் எடுத்துக்கொள்கின்றன. நீங்கள் சாப்பிடாவிட்டால் உடம்பு தன் தசையைக் கரைத்துச் சர்க்கரை செய்துகொள்ளும். பட்டினி கிடப்பது நோயாளி, கட்டி அல்ல. எடை குறைந்து கீமோ தள்ளிப்போனவர்களைப் பார்த்திருக்கிறேன். சோறு, பருப்பு, முட்டை கொடுங்கள். நீரிழிவு இருந்தால் அதற்குரிய கட்டுப்பாட்டை மருத்துவர் சொல்வார்.

"முள்ளுசீத்தா இலைக் கசாயம் கீமோவைவிடப் பத்தாயிரம் மடங்கு சக்தியாமே? இயற்கைதானே, என்ன கெட்டுடும்?"

அந்தப் பத்தாயிரம் மடங்கு, ஆய்வகத் தட்டில் வளர்த்த செல்கள்மேல் ஒரு தனி வேதிப்பொருளைப் போட்டுப் பார்த்தபோது வந்த எண். மனிதருக்குக் கொடுத்துக் குணமானதாக நிரூபணம் இல்லை. மேலும், கரீபியனில் குவாடலூப் தீவில் முள்ளுசீத்தாப் பழமும் இலைக் கசாயமும் வழக்கமாகக் கொண்டவர்களிடம் நடுக்குவாதம் போன்ற நரம்பு நோய் கூடியதை 1999-இல் மருத்துவர்கள் எழுதினார்கள். சூடான தேங்காய்த் தண்ணீர் புற்றுநோயைக் கொல்லும் என்று ஒரு செய்தி, மும்பை டாடா மருத்துவமனை மருத்துவர் பெயரில் வந்தது. தாங்கள் சொல்லவில்லை என்று அந்த மருத்துவமனையே மறுத்தது.

செடியில் மருந்து இல்லை என்று நான் சொல்லமாட்டேன். நம் வீட்டு வாசலில் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்துதான் வின்கிறிஸ்டின் எடுக்கிறார்கள். 1960களிலிருந்து குழந்தைகளின் ரத்தப் புற்றுநோயில் உயிர் காக்கும் மருந்து அது. பிரித்தெடுத்து, மில்லிகிராமில் அளந்து, ரத்தக்குழாயில் ஏற்றுகிறார்கள். அதே செடியை அரைத்துக் குடித்தால் நஞ்சு.

என் அக்காவுக்கு மார்பில் கட்டி வந்தது. நெல்லிக்காய் அளவு. ஆபரேஷனுக்கு பயந்து ஒரு வைத்தியரின் கசாயத்துக்குப் போனார். நான் மருந்துக்கடை வைத்திருந்தும் என் பேச்சு எடுபடவில்லை. எட்டு மாதம். திரும்பி வந்தபோது அக்குளிலும் நெறி கட்டியிருந்தது. அந்த எட்டு மாதத்தைத் திருப்பித் தர யாராலும் முடியவில்லை. 2018-இல் வந்த ஒரு அமெரிக்க ஆய்வு, குணமாக்கக்கூடிய நிலையில் இருந்தும் மாற்று வைத்தியத்தை மட்டும் நம்பியவர்கள் இறக்கும் வாய்ப்பு இரண்டரை மடங்கு என்றது. மார்பகப் புற்றுநோயில் ஐந்து மடங்குக்கும் மேல். கீமோவோடு சேர்த்து ஏதாவது குடிப்பதாக இருந்தாலும் மருத்துவரிடம் மறைக்காதீர்கள். சில மூலிகைகள் மருந்தோடு மோதும்.

"கத்தி பட்டா பரவிடும். சதை எடுத்துப் பாக்க வேணாம்னு பெரியவங்க சொல்றாங்க."

பயாப்சி ஊசி போகும் தடத்தில் செல்கள் தங்குவது மிக மிக அரிது. அப்படி நேரக்கூடிய சில வகைகளில் அந்தத் தடத்தையும் சேர்த்தே வெட்டி எடுக்கும்படி திட்டமிடுகிறார்கள். பெரியவர்கள் பார்த்தது என்னவென்றால், முற்றிய பிறகு திறந்து, உள்ளே பரவியிருப்பதைப் பார்த்துவிட்டு மூடியதை. பரவியதால் காப்பாற்ற முடியவில்லை, திறந்ததால் பரவவில்லை. பயாப்சி இல்லாமல் எந்த வகை என்று தெரியாது, வகை தெரியாமல் மருந்து தேர்ந்தெடுக்க முடியாது. முதல் கேள்வியைப் பாருங்கள்.

"பொண்ணுக்கு எச்.பி.வி. ஊசி போட்டா நாளைக்குக் குழந்தை பிறக்காதாமே?"

பிறக்கும். கருவுறுதலை அந்த ஊசி கெடுப்பதில்லை. கர்ப்பப்பைவாய்ப் புற்றுநோய் வந்தால்தான் கருப்பையையே எடுக்க வேண்டிவரும். 17 வயதுக்கு முன் ஊசி போட்ட பெண்களுக்கு இந்தப் புற்றுநோய் 88 சதவீதம் குறைந்ததாக ஸ்வீடனில் 2020-இல் வந்த ஆய்வு காட்டியது. 9 முதல் 14 வயது சரியான காலம். இந்தியாவிலேயே செய்த செர்வாவாக் 2022-இல் அறிமுகமானது.

ஊசி போடும் வயது தாண்டிய பெண்கள், ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பப்பைவாய்ச் சோதனை செய்துகொள்ளலாம். நம் தமிழகத்தின் திண்டுக்கல் மாவட்டத்தில் 30 முதல் 59 வயதுப் பெண்களிடம் அசிடிக் அமிலம் தடவிப் பார்க்கும் எளிய சோதனையை ஒரே ஒரு முறை செய்து தொடர்ந்து கவனித்தார்கள். இறப்பு 35 சதவீதம் குறைந்தது. 2007-இல் உலகமே படித்த ஆய்வு அது.

"தினம் சாசேஜ் சாப்பிட்டா 18 சதவீதம் கேன்சர்னு டி.வி.யில சொன்னாங்க. நூத்துல பதினெட்டுப் பேருக்கா?"

இல்லை, இது சதவீதத்தின்மேல் சதவீதம். பதப்படுத்திய இறைச்சி தினம் 50 கிராம் சாப்பிட்டால் பெருங்குடல் புற்றுநோய் வாய்ப்பு 18 சதவீதம் கூடும் என்பதே சரியான செய்தி. மேலை நாடுகளில் அந்த வாய்ப்பு வாழ்நாளில் நூறில் சுமார் ஐந்து. அதில் 18 சதவீதம் கூடினால் நூறில் ஆறு. நம் நாட்டில் தொடக்க எண்ணே அதைவிடக் குறைவு. இதுவும் புகையிலை இருக்கும் அதே முதல் பிரிவில்தான் இருக்கிறது. சைக்கிள் திருடன் கதையை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள்.

"மூணுல ரெண்டு கேன்சர் வெறும் கெட்ட நேரம்னு விஞ்ஞானிகளே சொல்லிட்டாங்களே. அப்புறம் எதுக்குப் பீடியை விடணும்?"

2015-இல் தொமசெட்டி, வோகல்ஸ்டைன் இருவரும் எழுதிய கட்டுரை அது. அவர்கள் கேட்டது: ஏன் சில உறுப்புகளில் புற்றுநோய் அதிகம், சிலவற்றில் அரிது? அந்த வித்தியாசத்தில் மூன்றில் இரண்டு பங்கை, செல் பிரியும்போது தற்செயலாக நேரும் பிழைகள் விளக்கும் என்றார்கள். "மூன்றில் இரண்டு நோயாளிக்குக் காரணமே இல்லை" என்பது பத்திரிகைகள் திரித்தது. புற்றுநோய்களில் 30 முதல் 50 சதவீதம் தடுக்கக்கூடியவை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. மீதியில் தற்செயலுக்கு இடம் உண்டு. அதனால் யாருக்காவது வந்துவிட்டால் "நீ என்ன பண்ணின?" என்று கேட்காதீர்கள்.

"அங்க அஞ்சு வருஷம் பிழைக்கிறவங்க 90 சதவீதம், இங்க 66. அப்ப இங்க வைத்தியம் மோசமா?"

மார்பகப் புற்றுநோய்க்கு அமெரிக்காவில் சுமார் 90, இந்தியப் பதிவேடுகளில் 66 என்ற எண்கள் சரிதான். ஆனால் இதை எடுத்துப் படிக்கும்போது ஒரு கண்கட்டு உண்டு. இரண்டு சகோதரிகளுக்கு ஒரே வகை நோய், இருவரும் அறுபது வயதில் இறக்கிறார்கள் என்று வையுங்கள். அக்காவுக்கு 58-இல் தெரிந்தது, தங்கைக்குச் சோதனையில் 53-இலேயே தெரிந்தது. தங்கை "ஐந்தாண்டு பிழைத்தவர்" கணக்கில் சேர்வார், அக்கா சேரமாட்டார். யாரும் ஒரு நாள்கூடக் கூடுதலாக வாழவில்லை. அதனால் சோதனை பலன் தருகிறதா என்று பார்க்க இறப்பு குறைந்ததா என்று கேட்க வேண்டும். திண்டுக்கல் ஆய்வை நான் மதிப்பது அதனால்தான், அங்கே எண்ணியது இறப்பை.

இந்த இடைவெளியில் கண்கட்டு ஒரு பகுதிதான். மீதி, நெல்லிக்காய் அளவில் வராமல் எலுமிச்சை அளவில் வருவது. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய்ச் சிகிச்சை இருக்கிறது. காசுக்குப் பயந்து தள்ளிப் போடுபவர்கள் முதலில் அந்த அட்டையை எடுத்துக்கொண்டு போய் விசாரியுங்கள்.

"கட்டி இருக்கு, ஆனா வலிக்கலையே. வலிச்சா பாத்துக்கலாம்ல?"

எல்லாக் கேள்வியிலும் எனக்குப் பயம் தருவது இதுதான், கடைசியாக வைத்தேன். ஆரம்பத்தில் புற்றுநோய்க் கட்டி பெரும்பாலும் வலிக்காது. வலிக்காததால்தான் வீட்டில் சொல்லாமல் இருந்துவிடுகிறார்கள்.

மூன்று வாரமாக ஆறாத வாய்ப்புண். வாயில் வெள்ளை, சிவப்புத் திட்டு. மூன்று வாரத்துக்கு மேல் கரகரக்கும் குரல். விழுங்க அடைப்பு. மார்பில் புதிய கட்டி, தோல் சுருக்கம், காம்பில் ரத்தம். தீட்டு அடியோடு நின்றுபோன வயதில் மறுபடி உதிரப்போக்கு. மலத்தில் ரத்தம். காரணமில்லாமல் எடை இறங்குவது. இவற்றில் பெரும்பாலானவை புற்றுநோயாக இருக்காது. அதை உறுதி செய்துகொள்ளத்தான் போகச் சொல்கிறேன். மலைக்காரர்கள் ஏற்காடு அரசு மருத்துவமனையில் தொடங்கலாம். அங்கிருந்து சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். தனியாகப் போகப் பயமாக இருந்தால் பஸ்ஸிலிருந்து இறங்கி முதலில் கடைக்கு வாருங்கள். தம்பியிடம் கல்லாவைக் கொடுத்துவிட்டு நான் கூட வருகிறேன்.